காக்கைக்கு வைத்த இலை

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறட்டும் என்று ஐந்து வருடம் காத்திருந்தேன், ஆறவில்லை. வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்தால் கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குக் காது சூடாகிவிடும். அதைவிடப் பெரிய கோபம், அதை நம்பிய நாற்பத்தோரு வயது மடையன் மீது. அவன் போட்டோதான் என் ஆதார் அட்டையில் இருக்கிறது.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு நாற்காலி வேலை. தொப்பையைக் குறைக்க சைக்கிள் வாங்கி, ஒரு சைக்கிள் குழுவிலும் சேர்ந்தேன். குழுத் தலைவர் செல்போன் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை ‘கோச்’ என்றார்கள். (அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று பிறகு விசாரித்தேன். அவரேதான்.)

“ராத்திரி சோறு, சப்பாத்தி எதையும் தொடாதீங்க சார். காலையில வெறும் தண்ணி. அப்பத்தான் உடம்பு வேற வழியில்லாம கொழுப்பை எடுத்து எரிக்கும்” என்றார்.

சனிக்கிழமை இரவு இரண்டு வெள்ளரிக்காய் தின்றுவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் என் மனைவி நான்கு இட்லி வைத்தாள். “உனக்கு இந்த சயின்ஸெல்லாம் புரியாது” என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். (அந்தத் தட்டைத் தள்ளிய கையை என்ன செய்தால் தகும்?)

சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை அடிவாரம் போய்த் திரும்புவதாகத் திட்டம். போகும்போது காற்று முதுகில் தள்ளியது. என் காலின் திறமை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. குழு கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. சேந்தமங்கலம் தாண்டியதும் சில்லென்று வேர்த்தது, எதிரே வந்த ஒரு பஸ் இரண்டாகத் தெரிந்தது. எந்த பஸ்ஸுக்கு ஒதுங்குவது என்று புரியாமல் இறங்கிவிட்டேன்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டை ஒட்டி ஒரு வீடு. இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர். சாய்ந்து நிற்கலாம் என்று போனால், சுவர்மேல் வாழை இலை. ஆவி பறக்கும் சோறு, பருப்பு, நெய், பூசணிக்காய்ப் பொரியல், இரண்டு வடை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

புத்தியுள்ளவன் “ஏனுங்க, ஊட்டுல யாருங்க?” என்று ஒரு குரல் கொடுத்திருப்பான். நான் முதலில் வடையைத் தின்றேன். அப்புறம் சோறு. இலையை வழித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோதுதான், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நான்கு முகங்கள் தெரிந்தன.

அன்றைக்கு ஆடி அமாவாசை. அந்த வீட்டுப் பெரியவர் இறந்த பின் வந்த முதல் ஆடி அமாவாசை. காக்கை பயப்படாமல் வரட்டும் என்று வீடே உள்ளே மறைந்து நின்றிருக்கிறது.

“யோவ்!” என்று மகன் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். “எங்கப்பனுக்கு வெச்ச சோத்தைத் தின்னுட்டியேய்யா! கடேசி ரெண்டு வருசம் எங்கூட ஒரு வார்த்தை பேசாமப் போய்ச் சேந்துட்டாரு. இன்னிக்காச்சும் வருவாருன்னு காத்தாலிருந்து நின்னுட்டிருக்கறேன்!”

அவர் கண் கலங்கியிருந்தது. அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் மனைவி ஓடி வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். “விடுங்க, ஆளு பனிக்கட்டியாட்டம் இருக்கறாரு” என்று உப்புப் போட்ட மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் ஆரம்பித்தார்.

“காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்குனேனுங்க. நீங்க எங்கிருந்து வாரீங்க?”

“நாமக்கல்லுங்க. ஊட்டுல வெச்ச இட்லியக்கூட வேண்டாம்னுட்டு மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு…”

“அத்தன தூரம் வெறும் வயித்துலயா? எதுக்குங்க?”

“கொழுப்பு எரியுமுங்க.”

“எரிஞ்சுதுங்களா?”

மோர்ச் சொம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டேன். அவர் விடவில்லை. “எங்க காட்டுல களை வெட்ட வாரவிங்க வயித்துக்கு ஒண்ணும் இல்லாம மம்பட்டியத் தொடமாட்டாங்க. படிச்சவரு நீங்க, ஒரு வாழப்பழம் தின்னுட்டு வரக்கூடாதா?” (கோச் சொல்ல மறந்த மொத்த சயின்ஸும் அந்த ஒரு வாழைப்பழத்தில் இருந்தது.)

சுவர்மேல் காக்கைக்கு இரண்டாவது இலை போட்டார்கள். கண்ணைக் கூச வைக்கும் என் பச்சை பனியனைப் பார்த்தால் காக்கை வராது என்று கழற்றச் சொன்னார்கள். இறுக்கமான அரைக்கால் சட்டை, மேலே ஒரு துண்டு. மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார்ந்தேன். மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு காக்கை தென்னை மட்டையில் வந்து உட்கார்ந்தது, இலையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பறந்துவிட்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. காக்கை தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. இரண்டு பெண் குழந்தைகளும் பசியில் அழ ஆரம்பித்தன. அந்த அம்மாவுக்குப் பொறுமை போயிற்று.

“ஏனுங்க, போதும் உள்ள வாங்க! மாமா வந்து தின்னுட்டுப் போயாச்சு. இவரைப் பாருங்க, ஊட்டுல வெச்சதை வேண்டாம்னு வீம்புக்குக் கெளம்பறது, அப்பறம் மயக்கம் போட்டு வந்து நிக்கறது. உங்கப்பாரு இருந்தப்ப வேற என்னதான் செஞ்சாரு?”

மகன் என்னையே பார்த்தார். “எங்கப்பனும் வடையத்தான் மொதல்ல எடுப்பாரு” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். வெட்கமில்லாமல் அதையும் சாப்பிட்டேன்.

வீடு திரும்பியதும் கோச்சுக்கு போன் போட்டுக் கத்தினேன். “வெறும் வயித்துல நீங்க எப்படிய்யா ஓட்டுறீங்க?” என்றேன்.

“நானா? ஆறு இட்லி சாப்பிட்டுத்தான் வருவேன் சார். எனக்கு அல்சர் இருக்குல்ல” என்றார்.

குழுவை விட்டு அன்றே வெளியேறினேன். சைக்கிளை விடவில்லை, இரண்டு இட்லியாவது உள்ளே போகாமல் பெடலை மிதிப்பதில்லை.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அந்த மகனிடமிருந்து போன் வரும். பேச்சு இன்னும் முறைப்புதான். “நேரத்துல வந்து சேருங்க” என்பதோடு வைத்துவிடுவார். போவேன். வடை இரண்டுக்குப் பதில் நான்கு இருக்கும்.

என் மனைவியிடம் இதைச் சொன்னதுதான் நான் செய்த கடைசித் தப்பு. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் எனக்குத்தான் முதலில் பரிமாறுகிறாள். “கொஞ்சம் இருங்க, அவரு வாய் வெச்சாத்தான் நாம சாப்பிடலாம்” என்கிறாள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் தட்டை மட்டும் தள்ளுவதில்லை.