‘கன்று போடுகிறது’ என்ற பொத்தானுக்கு நன்றி

ஹோமா பே

அன்பு மகள் அபோண்டிக்கு,

பெரியப்பா ஓஜ்வாங்கின் ஆசிகள். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். கிசுமுவில் நீயும் உன் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வருஷம் நம் மாடு நியார் செமே முதல் கன்று போட முடியாமல் தவித்தபோது, கால்நடைத் துறையின் வலைத்தளத்தில் டாக்டரைத் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். மேலே ‘எங்கள் பயணம்’ என்று இருந்தது. அவர்கள் எங்கே போனால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். ‘தீர்வுகள்’ என்பதை அமுக்கினேன், ஒரு அதிகாரி ரிப்பன் வெட்டினார். ‘இணைந்திடுங்கள்’ என்பதை அமுக்கினேன், இந்த வயதில் சைக்கிள் பந்தயத்தில் சேர்ந்துவிட்டேன். மூலையில் இருந்த மூன்று கோடுகளைக் கீறல் என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தேன். கடைசியில் டாக்டர் பட்டியலுக்கு அதுதான் கதவாம். உன் பெரியம்மா அக்கேயோ தொழுவத்திலிருந்து, "ஏங்க, மாடு இங்க முக்குது, நீங்க அங்க போனைத் தடவிக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று கத்தினாள். டாக்டர் கிடைப்பதற்குள் கன்று போய்விட்டது. நியார் செமே வெகுநேரம் அதை நக்கிக்கொண்டே நின்றது.

அந்தத் தளத்தைத் திருத்தும் வேலை உன் கம்பெனிக்கு வந்ததும் நீ நேரே இங்கே வந்து, தொழுவத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பெரியப்பா, இப்ப டாக்டரைக் கூப்பிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாய். நான் தப்புத்தப்பாக அமுக்கிவிட்டு, "எனக்கு மூளை மழுங்கிப்போச்சும்மா" என்றேன். "இல்ல பெரியப்பா, நீங்க முழிச்ச இடமெல்லாம் நாங்க வழி சொல்லாம விட்ட இடம்" என்றாய். என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லையம்மா.

போன செவ்வாய்க்கிழமை மாட்டுக்கு மறுபடி வலி எடுத்தது. போனைத் திறந்தால், முதல் வரியே ‘உங்கள் மாட்டுக்கு என்ன?’ என்று கேட்கிறது. கீழே ‘கன்று போடுகிறது’. அமுக்கினேன். எந்த ஊர் என்று கேட்டது, சொன்னேன், டாக்டர் ஒக்வேனோவின் குரல் வந்துவிட்டது! அக்கேயோ உகாலிக் களிப் பானையை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் அவர் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. கை முழுக்கச் சோப்பைப் பூசிக்கொண்டு, "பெரியவரே, வாலை நல்லாப் புடிங்க, அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். கன்று வழுக்கி விழுந்து, தலையை ஆட்டி, ஒரு தும்மல் போட்டது பார், நான் அவர் சொன்னதையும் மீறி அழுதுவிட்டேன். பெண் கன்று. உன் பெயரையே வைத்திருக்கிறோம். "அபோண்டி, வாளியை முட்டாதடி!" என்று பெரியம்மா அதட்டுவது காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ளாதே.

நீ தொடும் வேலையெல்லாம் சுலபமாக முடியட்டும்; உனக்கு வாய்க்கும் மாப்பிள்ளையும் சுலபமானவனாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
ஓஜ்வாங் ரபுவோர்

பின்குறிப்பு: உன் புகழ் பெரிய அதிகாரிகளுக்கும் எட்டட்டும் என்று இதையெல்லாம் தளத்திலும் எழுதப் பார்த்தேன். நன்றி சொல்ல எங்கேயும் இடம் காணோம். ‘புகார்’ மட்டும் பளிச்சென்று இருந்தது, அதில் உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். ‘அபோண்டி மீது விசாரணை தொடங்கியது’ என்று உடனே பதில் வந்தது. கவலைப்படாதே, சாட்சி சொல்ல நானே வருகிறேன். அந்த ஆபீசுக்கு எப்படிப் போவது என்று மட்டும் எழுது. தளத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.