சேவலின் வாயை அடைத்த கதை

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சேவல் சத்தம் நிக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க!"

மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா பாதிப் படியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவருக்குத் தலை சுற்றியது.

புறா அளவே இருக்கும் பேன்டம் என்ற குட்டை இனச் சேவல் அது. விசிலடித்தால் ஓடிவந்து மணிக்கட்டில் ஏறிக்கொள்ளும். பெற்ற பிள்ளைபோல வளர்த்ததை யாரிடமும் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. இவ்வளவு பழக்கியவருக்கு வாயை மூடப் பழக்கத் தெரியாதா என்ன?

மறுநாள் அது கூவ வாயெடுத்ததும் ஒரு பிடி சோளத்தைப் போட்டார். சேவல் கப்சிப்பென்று தின்றது. அதற்கடுத்த நாள் நாற்பது தடவை கூவியது.

"கூவினா சாப்பாடுன்னு நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"அப்ப சும்மா இருந்தாதான் சாப்பாடு!"

பத்து நிமிடம் வாய் திறக்காவிட்டால் சோளம் என்று சட்டத்தை மாற்றினார். சேவலுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு கூவல், பத்து நிமிட மௌனம், சோளம், மறுபடி கூவல். அவர் கடையில் எந்தக் கடிகாரமும் அத்தனை சுத்தமாக ஓடியதில்லை.

கழுத்தை நிமிர்த்த முடியாவிட்டால் கூவ வராது என்று யாரோ சொன்னதை நம்பி, உயரம் குறைந்த மரப்பெட்டிக்குள் வைத்தார். அது கழுத்தைப் பக்கவாட்டில் நீட்டிக் கூவியது. பெட்டி ஒலிபெருக்கியானதுதான் மிச்சம். மாடியில் தடியால் தரையை இடித்தார்கள்.

ஆத்திரம் தாங்காமல் அவரே பெட்டிக்குள் முகத்தை நுழைத்து, "கொக்கரக்கோ!" என்று கத்திவிட்டார்.

சேவல் மூலையில் ஒடுங்கியது. அன்று முழுக்க சத்தமே இல்லை.

"இந்த வீட்ல யார் பெரிய சேவல்னு அதுக்குப் புரிஞ்சிடுச்சு!"

"எனக்கும்தான்," என்றாள் மனைவி.

அதிலிருந்து தினமும் விடியற்காலை ஐந்துக்கு அலாரம் வைத்து எழுந்து, சேவலை முந்திக்கொண்டு அவர் கூவினார். தொண்டை கரகரத்தது. வெந்நீர் குடித்துவிட்டுக் கூவினார்.

ஞாயிறன்று வீட்டுக்கார அம்மா வந்தார். மணிக்கட்டில் சேவலோடு பெருமையாக நின்றார் கடிகாரக்காரர்.

"பாருங்கம்மா, வாயே திறக்கிறதில்ல."

அம்மா அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"இந்தக் குட்டி தங்கம், இது இருக்கட்டும். புதுசா வாங்கியிருக்கீங்களே, தொண்டை கட்டின கிழட்டுச் சேவல், அதை இன்னைக்கே கறிக்கடையில குடுத்துடுங்க!"