இருட்டில் ஒளிர்ந்த இறாலும் சாட்சியாக நின்ற நானும்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். மராத்தி ஊரான போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுபவன் எழுத வந்திருக்கிறேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை. பட்டறை விடுமுறை, ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை. மழை இருட்டில் சமையலறைக்குப் போன என் மனைவி செல்வி மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்களேன். எறா முழிச்சுப் பாக்குது.”

சட்டியில் இருந்த இறால் அத்தனையும் நீலமாக ஒளிர்ந்தன. உரித்த ஓடும், செல்வியின் விரல்நுனியும்கூட. (நான் அலறினேன் என்பாள் அவள். இருமினேன் என்பது என் கட்சி.)

வாங்கியது பக்கத்துக் கசார்வாடியில் ராசையா அண்ணன் மீன் கடையில். தூத்துக்குடியிலிருந்து வந்திறங்கிய எனக்கு வீடும் வேலையும் பிடித்துக் கொடுத்தவர். அவர் முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போனில் புகார் சொன்னேன். என் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கெஞ்சினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன்.

“தம்பி, கடைக்கு ஆபீசரம்மா வந்திருக்காவ. சாம்பிள் எடுக்கதுக்குச் சாட்சி வேணுமாம். நீதான்டே நம்ம ஆளு, ஓடி வா.”

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நேரிலேயே கேட்டிருப்பேனே. போனேன்.

அந்த அம்மா ஷட்டரை இறக்கச் சொல்லி விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு. பிறகு தட்டு நிறைய இறால் தெரிந்தது. தராசு தெரிந்தது. கடைசியாக அண்ணனின் இரண்டு கைகள், ஆளே இல்லாமல், நீலமாக அந்தரத்தில்.

“எவன்டே எம்மேல புகார் குடுத்திருப்பான்?” என்று அந்தக் கைகள் கேட்டன.

அந்த அம்மா இருட்டிலேயே தன் போனில் எதையோ தட்டினார். என் சட்டைப்பையில் ‘டிங்’. அடக்கலாம் என்று வெளியே எடுத்தேன். இருட்டில் எல்லோருக்கும் தெரியத் திரை எரிந்தது. மராத்தியில், கொட்டை எழுத்தில்: ‘உங்கள் புகாரின் மீது ஆய்வு தொடங்கியது.’

நீலக் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

“கம்பெனி மெசேஜ்ணே” என்றேன். (கம்பெனியில் எனக்கு மெசேஜ் அனுப்ப நாதியில்லை.)

விளக்கைப் போட்டதும், இது ஒருவகைக் கிருமியின் வெளிச்சம், ஐஸ் போதாததால் பெருகியிருக்கிறது, சாப்பிட்டால் கெடுதலா என்று லேப்தான் சொல்லும் என்று அந்த அம்மா இந்தியில் விளக்கி, சாம்பிளுக்குச் சீல் வைத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பேனா கொடுத்தவர் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றும் வீட்டில் யார் போன் ‘டிங்’ என்றாலும் என் மகள் கேட்கிறாள்: “அப்பா, இப்ப நீங்க புகாரா, சாட்சியா?”

அந்தக் கையெழுத்துக்கு மறுநாள் கடை திறந்திருந்தது; நானும் போய் வரிசையில் நின்றேன். மீன் மேல் ஐஸ் மலையாகக் குவிந்து கிடந்தது. அண்ணன் எனக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் நிறுத்துக் கொடுத்தார்.