பதினொரு மதிப்பெண்

'உற்பத்தி மேலாளர்' என்று பளபளத்த பித்தளைப் பலகையை, அப்பா மாட்டச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மகன் தன் கையாலேயே கழற்றிக்கொண்டிருந்தான்.

"முதலாளி பையன்ங்கறதுக்காக இந்த நாற்காலி எனக்கு வேண்டாம்பா. பரீட்சை வைங்க. யாருக்குத் தகுதி இருக்கோ அவங்க உக்காரட்டும்."

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி தன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார்.

பரீட்சை நடந்தது. மகன்தான் முதல். ஆனால் முடிவைப் படிப்பதற்கு முன்பே தொழிலாளர்கள் கைதட்டிவிட்டார்கள். அது அவனை முள்ளாக உறுத்தியது.

"இது செல்லாது. விடைத்தாள்ல பேர் கூடாது, நம்பர் மட்டும். கேள்வித்தாளை யார் தயாரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியவே கூடாது."

"அப்போ ஒரு மாசம் டைம் குடுங்க சார்" என்றார் மேனேஜர், பிடரியைச் சொறிந்தபடி.

அந்த ஒரு மாதமும் அவன் விழுந்து விழுந்து படித்தான். இரண்டாவது முடிவு வந்தது. அவனுக்குத் தொண்ணூற்று நான்கு. அடுத்தவருக்கு முப்பத்தொன்று. இருபத்தாறு வருடமாக வெட்டும் மெஷினைக் கட்டி மேய்க்கும் ஃபோர்மேனுக்குப் பதினொன்று.

"ரத்தத்துலயே ஊறியிருக்குடா" என்றார் அப்பா.

"ரத்தம் இல்லப்பா. உழைப்பு."

சொல்லும்போதே அவனுக்கு, பிறந்ததிலிருந்து முதுகில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போலிருந்தது. மறுநாள் பலகையை அவனே திரும்ப மாட்டினான். உட்கார்ந்த கையோடு மேனேஜரைக் கூப்பிட்டான்.

"நாற்பதுக்குக் கீழ எடுத்தவங்களை வச்சுக்கிட்டு ஃபாக்டரி எப்படி நடத்தறது? எல்லாரையும் அனுப்பிடுங்க."

மேனேஜர் கனைத்தார். "அப்படிப் பார்த்தா, நீங்களும், பரீட்சை எழுதாத நானும் வாட்ச்மேனும்தான் மிஞ்சுவோம் சார்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, கடைசியா வந்தவரை மட்டுமாவது அனுப்புங்க. ஒரு நியாயம் வேணாமா?"

சாயங்காலம் ஃபோர்மேன் அலமாரிச் சாவியை ஒப்படைக்க வந்தார். கழுவியும் போகாத கிரீஸ் அவர் நகக்கண்ணில் இருந்தது. மகன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தகுதின்னு வந்துட்டா சொந்தம், பழக்கம் எதையும் பார்க்கக் கூடாது. நானே பரீட்சை எழுதித்தானே இங்க உக்கார்ந்திருக்கேன்?"

ஃபோர்மேன் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கேள்வித்தாளைத் தயாரிச்சதே நான்தான் தம்பி. உங்களுக்குப் பதில் தெரிஞ்சதாப் பார்த்து அம்பது கேள்வி தேடறதுக்குள்ள, எனக்கு முழுசா ஒரு மாசம் ஆயிடுச்சு."