அளவு ஜாக்கெட்

தப்புப் பண்ணிட்டேனுங்க. பொண்டாட்டி மேல கெடக்கற என் ஸ்வெட்டரைத் திரும்ப வாங்கணும்னு நெனச்சது தப்பு. அதுக்குப் போயி கம்ப்யூட்டரை நம்புனது அதைவிடப் பெரிய தப்பு.

ஏற்காட்டுக் குளுரு உங்களுக்கே தெரியும். எங்க ஊட்டுல உருப்படியா இருக்கறது ஒரே ஸ்வெட்டர். என்னுது. கல்யாணமான மறுவாரத்துல இருந்து அதைப் போட்டுட்டுத் திரியறது என் சம்சாரம் வனிதா. நான் ஊட்டுல இருந்தே போர்வையச் சுத்திக்கிட்டு ஆபீஸ் வீடியோ மீட்டிங்ல உக்காந்திருக்கேன். காய்ச்சலான்னு மேனேஜர் விசாரிக்கறாரு.

குப்பனூர்ல இருக்கற கொழுந்தியா மோனிஷா வேற, பொறந்த நாளுக்கு ஒரு கோட்டு கேட்டா. முடியவே முடியாதுன்னு கறாராச் சொல்லிட்டேன்.

என் வேலை, லண்டன்ல துணி விக்கற கம்பெனிக்கு டேட்டாபேஸ் டேபிள், அதாவது கம்ப்யூட்டர்ல அளவுக் கணக்குக் கட்டம், போடறது. இங்க முப்பத்தாறுன்னா லண்டன்ல பன்னெண்டு, அமெரிக்காவுல எட்டு, ஐரோப்பாவுல நாப்பது. ஒரே உடம்புதான். ஏரோப்ளேன் ஏறுனா எளைக்குது, எறங்குனா பெருக்குது. நாட்டுக்கு ஒரு டேபிள், அளவுக்கு ஒரு டேபிள், ரெண்டையும் கோத்துவிட இன்னொரு டேபிள்.

"ஏனுங்க, மூணு டேபிளுங்களா? நம்மூட்டுல சோறு திங்க ஒண்ணுக்கே வழியக் காணோம்."

"இது வேற டேபிள், வனிதா."

"தட்டு வெக்கலாமுங்களா?"

"வெக்க முடியாது."

"அப்பறம் எதுக்குங்க அது?"

அன்னிக்கே முடிவு பண்ணேன். இந்த டேபிளை வெச்சே அவளுக்குக் கச்சிதமா ஒரு லண்டன் கோட்டு வரவெச்சு, என் ஸ்வெட்டரை மீட்டுடறதுன்னு. வாயைத் தொறந்து அளவு கேட்டாக் குட்டு ஒடைஞ்சிரும். பீரோவுல தையக்காரருக்குக் குடுக்கற அளவு ஜாக்கெட் இருக்குமில்லீங்களா? அவ குளிக்கப் போன நேரமாப் பார்த்து டேப்பை வெச்சு அளந்தேன். டேபிள்ல போட்டேன். லண்டன் எட்டுன்னு வந்துச்சு. நம்ம வனிதாவா இத்தனை ஒல்லின்னு சந்தேகந்தான். பாழாப்போன ஸ்வெட்டர்தான் குண்டாக் காட்டுதுன்னு சந்தோசப்பட்டு ஆர்டர் போட்டுட்டேன்.

கோட்டு வந்துச்சு. வனிதாவுக்கு ஒத்தக் கை நொழையல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்நேரம் பார்த்து, பொறந்த நாளுக்கு வந்திருந்த மோனிஷா எடுத்து மாட்டுனா. தெச்சு வெச்சாப்பல இருந்துச்சு.

"என் டேபிள்ல எங்கியோ தப்பு நடந்துருச்சு"ன்னு மொனகுனேன்.

"அட, அதும்மேல பழி போடாதீங்க. டேபிள் நல்லாத்தான் வேலை செய்யுது," வனிதா சிரிச்சா. "நீங்க டேப்பைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு பீரோவைச் சுத்துனதப் பார்த்ததுமே எனக்கு ஏதோ துணி வாங்கப் போறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. குளிக்கப் போறதுக்கு முன்னாடியே என் ஜாக்கெட்டை எடுத்துட்டு, தைக்கக் குடுக்கறதுக்கு இவ தந்த அளவு ஜாக்கெட்டை மேலாப்பல வெச்சேன்."

"உனக்குன்னு எத்தனை ஆசையா வாங்குனேன் தெரியுமா?"

"எனக்கெதுக்குங்க கோட்டு? இதுதான் நொம்பப் பொருந்துது." என் ஸ்வெட்டர் கைய இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கிட்டா.

போர்வைக்குள்ள உக்காந்து டேபிளைத் திருத்திட்டேனுங்க. வனிதாவோட அளவுங்கற எடத்துல இப்ப என் அளவுதான் இருக்குது.