கல்லைத் தூக்கிய காற்று

தளவாயின் புது வீட்டில் ஜன்னல் இருந்தது, மின்விசிறிக்குக் கொக்கி வாங்கி வைத்திருந்தது, பூஜையறையில் விளக்குக்கூட ஏற்றியாயிற்று. கூரை மட்டும் இல்லை. பழவங்காடியில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதும் மனிதர் அவர். கத்தரிக்காயையே காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர், கூரையைச் சும்மா விடுவாரா?

வீடு வலியதுறையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தகரம் துருப்பிடிக்கும் என்றார்கள். ஓட்டில் பாசி பிடிக்கும் என்றார்கள். எர்ணாகுளத்திலிருந்து புதிதாக ஷிங்கிள்ஸ் வந்திருக்கிறது, தாரும் மணலும் சேர்த்த தகடு, பலகைமேல் ஆணியடித்தால் போதும் என்றார் கடைக்காரர் வன்னியராஜ்.

"உப்புக்காத்துக்கு நிக்குமா?"

"நிக்கும் சாரே. கேரண்டி உண்டு."

கேரண்டியை நம்பினால் அவர் தளவாய் இல்லை. ஒரு கட்டு வாங்கினார். கடற்கரையில் சிலுவை நட்ட சின்ன மாடம் ஒன்று, குருசடி என்பார்கள். அலை தெறிக்கும் அதன் படியில், அங்கிருந்த வாழைக்குலையைச் சற்றுத் தள்ளிவிட்டு, ஷிங்கிள்ஸ் கட்டை வைத்தார். இங்கே ஒரு வாரம் தாங்கினால் வீட்டில் ஆயுசுக்கும் தாங்கும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் போனால் கட்டைக் காணோம். வாழைக்குலையையும் காணோம்.

"காத்து கொண்டுபோயிட்டு," என்றார் மனைவி பொன்னம்மையிடம், முகம் வெளிறி. "நல்லவேளை, வீட்டுல அடிக்கல."

"இடவப்பாதி மழை வரப்போவுது. அதுக்கு முந்திக் கூரை வரலன்னா நான் விதுராவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், கேட்டியளா."

போகக்கூடியவள்தான். அண்ணன் வீட்டுக்குப் போனால் லேசில் திரும்பக்கூடியவளும் இல்லை. தளவாய் பதறிப்போய்த் தடித்த ஷிங்கிள்ஸாகப் பார்த்து வாங்கி, நைலான் கயிற்றால் இறுக்கி அதே படியில் கட்டிவைத்தார். கயிற்றோடு போயிற்று. மங்களூர் ஓட்டைக் குவித்து வைத்தார். அதுவும் போயிற்று. கடைசியில் கான்கிரீட் ஓட்டை அடுக்கி, அதன்மேல் ஆட்டோக்காரரும் அவருமாக மூச்சு வாங்கத் தூக்கிவந்த கருங்கல்லை ஏற்றினார்.

கல்லும் போயிற்று.

தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. கல்லைத் தூக்குகிற காற்றுக்கு, கூரையைத் தாங்கும் மரக் கழுக்கோல் எந்த மூலைக்கு? இரும்பு போடலாம் என்று, ஏற்றிய கழுக்கோல்களை எல்லாம் இறக்கினார். இரும்பு துருப்பிடிக்குமே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கல் பறந்த கதையை விஸ்தாரமாகக் கேட்ட பக்கத்து வீட்டு உமாசங்கர், பயந்துபோய்த் தன் தென்னையை வெட்டச் சொன்னார். அது நேராகத் தளவாயின் அடுக்களைச் சுவரில் சாய்ந்தது. இப்போது கூரையும் இல்லை, சுவரும் இல்லை. போதாக்குறைக்கு மழையும் தொடங்கி, பூஜையறை விளக்கில் எண்ணெய் வழிந்துபோய்த் தண்ணீர் நின்றது.

பொன்னம்மை பெட்டியோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தளவாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"ஒரே ஒரு ஓட்டைச் சொல்லுங்க," என்றாள் அவள். "காத்துக்கும் மழைக்கும் நிக்கும்னு நெஞ்சுல கைவெச்சு ஒண்ணைச் சொல்லுங்க. இறங்கிருதேன்."

தளவாய் நெஞ்சில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்நேரம் தெருவில் மீன் விற்று வந்த சுசீலாபாய் அவரைப் பார்த்ததும் நின்றாள். குருசடிக்குப் பின்னால் குடியிருப்பவள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, பயபக்தியோடு கைகூப்பினாள்.

"சாரே, நீங்க குருசடியில காணிக்கையா வெச்ச நேர்ச்சையைச் சர்ச்சு அச்சன் எங்களுக்குத்தான் தந்தாரு, அதுல எங்க வீடு முழுக்க மேஞ்சாச்சு, இந்தக் காத்துக்கும் மழைக்கும் ஒரு துள்ளி ஒழுகல, அந்தக் கல்லு துணி துவைக்கவும் ஆச்சு, இனி வெக்கும்போ ஒரு கதவு வெச்சா உபகாரம்."