சாக்பீஸும் பூசணிக்காய் இல்லாத புத்தகமும்

எங்கள் அருள்புரத்தில் வண்டியிலிருந்து விழுந்த எவனும், தான் வந்த வேகத்தை அந்த ஒரு மனிதரிடம் மட்டும் மறைக்க முடிந்ததில்லை. "மெதுவாத்தான் வந்தேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சம்சாரத்திடம் சொல்லிக்கொண்டிருப்பான். கதவோரத்தில் நின்று ஒரு குரல், "நாப்பத்தெட்டுங்க" என்று திருத்தும். அவர்தான் சாக்பீஸ்.

பனியன் கம்பெனிகளில் அளவு பார்க்கும் செக்கிங் வேலை செய்து ஓய்ந்தவர். கழுத்தில் இஞ்ச் டேப், சட்டைப்பையில் சாக்பீஸ், சைக்கிள் கேரியரில் ரோடு அளக்கிற நீள டேப். 'டமார்' என்று எங்கே கேட்டாலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நிற்பார். டயரைச் சுற்றி ஒரு கோடு, கழன்று கிடக்கும் செருப்பைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு தடவை மயங்கிக் கிடந்த பாத்திர வியாபாரி ஒருத்தரைச் சுற்றியும் வரைய ஆரம்பித்துவிட்டார். பாதியில் கண் முழித்த வியாபாரி கோட்டைப் பார்த்தார். "அய்யோ, நான் இன்னும் சாவலீங்க!" என்று எழுந்து ஓடினார். "ஏனுங்க, கால் மட்டுந்தான் பாக்கி, ஒரு நிமிசம் படுங்க!" என்று இவர் பின்னாலேயே ஓடினார்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவர் வீட்டில் இருந்த நாலு தடிப் புத்தகங்கள். எல்லாம் இங்கிலீஷ். வண்டிகள் மோதிக்கொண்டால், சிதறிக் கிடக்கும் கண்ணாடியையும் டயர் தேய்ப்பையும் அளந்து, என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கிற வித்தை அதில் இருக்கிறதாம். கோயமுத்தூரில் யாரோ இன்சூரன்ஸ்காரர் வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர் கடைக்கு வந்தவை. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பக்கம் என்று படித்தார். ஒவ்வொன்றுக்கும் பனியன் துணியில் உறை தைத்து, கழுத்தில் சைஸ் லேபிளும் வைத்திருந்தார். மெல்லியது மீடியம். எல்லாவற்றிலும் தடியானது டபுள் எக்ஸ்எல். குளித்துவிட்டுத்தான் உறையைக் கழற்றுவார். முதல் தடவை பார்த்தபோது ஏதோ சாமி புத்தகம் என்று நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிரித்துக் காட்டினார். உள்ளே நசுங்கின லாரி.

"எல்லாம் விதிங்க சார். அளந்து என்னங்க ஆகப்போவுது?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"விதியாவே இருக்கட்டுங்க. அது எத்தன அடிக்கு முன்னால ஆரம்பிச்சுதுன்னு தெரிய வேண்டாமுங்களா?" என்றார்.

பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். சரி, சாமி நம்பிக்கை இல்லாத மனுசன் என்று தள்ளி வைத்தேன். தள்ளி வைத்த ஆளிடமே ஒரு விடியற்காலையில் ஓட வேண்டி வந்தது.

எனக்கு இருந்தது எட்டு மிஷின் போட்ட சின்னத் தையல் கம்பெனி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற அந்த வீதியில் எங்களதையும் சேர்த்துப் பதினொரு கம்பெனிகள். ஆயுத பூசை அன்று பொழுது சாயும் நேரத்தில் பூசை முடிந்து, ஆட்களுக்குப் பொரி கொடுத்து அனுப்பி, திருஷ்டியும் கழித்தாயிற்று. சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியை ஓட்டுவது என் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி. வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வா கண்ணு" என்றேன்.

ரெண்டு நிமிசம் கூட ஆகியிருக்காது. சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால், வீதி முனையில் குட்டியானை மெயின் ரோட்டுக்கு மூக்கை நீட்டி நிற்கிறது. முன் சக்கரத்தில் ஒரு பைக் சொருகிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒருவர் அசைவில்லாமல் கிடந்தார். நிட்டிங் மிஷின் ஓட்டுகிற தெக்கத்திக்காரர். தலையில் ரத்தம்.

"மாமா, நான் நின்னுட்டுத்தானுங்க இருந்தேன்! அவருதான் சறுக்கிட்டு வந்து முட்டினாரு!" என்று மச்சினன் கதறினான்.

விழுந்தவரின் தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "ஏல, நிக்கிற வண்டியில எவம்ல வந்து விழுவான்? எங்க அண்ணன் என்ன கண்ணு தெரியாதவனா?"

யாரும் மச்சினனை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் முழுசாக நம்பவில்லை. போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றியது. காலையில் பத்து மணிக்குத் தம்பிக்காரர் வந்து புகாரில் கையெழுத்துப் போடுவார் என்றும், அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வேறு மாதிரி ஆகிவிடும் என்றும் எஸ்.ஐ. சொன்னார்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். "என்ற தம்பியக் கூட்டிட்டு வராம ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்காதீங்க" என்றாள். அவள் கத்திச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

விடிகிற நேரத்துக்கு அந்த அளக்கிற மனுசனைத் தேடி வீதி முனைக்கு ஓடினேன். சாக்பீஸ் அங்கே இருந்தார். முந்தின நாளே ரோட்டோரம் வரிசையாக எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே கல் வைத்துத் தடயங்களை மூடியிருந்தார். வானம் கருத்துக் கிடந்தது.

"மழ வந்தா உங்க மச்சினன் கதை கரைஞ்சு போயிருமுங்க. பேசாம டேப்பு அந்த முனையப் புடிங்க" என்றார்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். தார் மேல் பைக்கின் இரும்பு கீறின கோடு நீளமாகப் போனது. "இருவத்திரண்டு அடிங்க. பைக்கு இங்கயே படுத்துருச்சு. படுத்த வண்டி தானா சறுக்கிட்டுப் போயி, நின்ன வண்டில முட்டிருக்குது. உங்க மச்சினன் சொன்னது நெசமுங்க."

"அவிநாசியப்பா!" என்று நடுரோட்டிலேயே கை கூப்பினேன்.

"இருங்க, இருங்க. ஏன் படுத்துச்சு?" கடைசிப் பெட்டியைத் தூக்கினார். அடியில் வெள்ளையும் சிவப்புமாய் ஒரு கூழ். அதிலிருந்து சாக்பீஸ் முனையில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "பூசணி வெதைங்க. பைக் டயர்லயும் இதே ஒட்டிருந்துச்சு."

எனக்குக் கூப்பின கை இறங்கவில்லை. எல்லாரும் திருஷ்டிக் காயைத் தங்கள் கேட்டிலேயே உடைப்பார்கள். கேட்டில் கிடந்தால் திருஷ்டி திரும்பி உள்ளே வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. ஆட்களை அனுப்பிவிட்டு, தனியாக முச்சந்தி தாண்டிப் போய், மெயின் ரோட்டு மேல் ஓங்கிப் போட்டவன் நான். சந்தையில் இருந்ததிலேயே பெரிய காய்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாடு வந்து கூழில் நாக்கை நீட்டியது.

"ஓனருங்கோ, வெரட்டுங்க! சாட்சியத் திங்குது!"

"மகாலட்சுமிங்க சார், எப்படிங்க வெரட்டறது?" என்றேன். மனசுக்குள் வேறொரு வேண்டுதல் ஓடியது: தின்னு தாயே, சுத்தமாத் தின்னு. சாக்பீஸ் தன் காலை ஆகாரத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை நீட்டி, அதை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டு வந்தார்.

பிறகு டபுள் எக்ஸ்எல்லைப் பிரித்தார். எந்தத் தரையில் டயர் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு அட்டவணை. விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "காஞ்ச தாரு இருக்குது, நனஞ்ச தாரு இருக்குது, ஜல்லி, மணலு, ஐஸுக்கட்டி வரைக்கும் இருக்குது. பூசணிக்காய் இல்லீங்களே!" இத்தனை வருசம் நம்பின மனுசன் கைவிட்ட மாதிரி அவர் முகம் வாடியது. "இவனுக ஊர்ல திருஷ்டியே படறதில்லையாட்ட இருக்குது."

அப்புறம் அவரே சோதனைக்கு இறங்கினார். பாதியாக அறுத்த பழைய டயரில் அயர்ன் பாக்ஸுகளை அடுக்கிக் கட்டி, துணி மூட்டை எடை போடுகிற கொக்கித் தராசை மாட்டி, காய்ந்த தாரில் இழுத்து, முள் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்தார். கடை திறக்கச் சொல்லி ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து தலைக்கு மேல் தூக்கினார்.

"இருங்க சார்!" நான் ஓடிப் போய்க் கற்பூரம் எடுத்து வந்தேன்.

"சோதனைக்கு எதுக்குங்க கற்பூரம்?"

"வெறுமனே ஒடச்சா ஆகாதுங்க."

மழை வரப் போகிறது, பத்து மணி ஆகப் போகிறது. இருந்தும் நான் மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கிறவரை அவர் காயோடு காத்து நின்றார். உடைத்து, கூழ் மேல் இழுத்தபோது தராசு முள் முன்பு ஏறினதில் பாதிக்குக் கூட ஏறவில்லை. அட்டவணையின் அடியில் பென்சிலால் தமிழில் ஒரு வரி சேர்த்தார்.

"அது போதுமில்லீங்களா சார்? மச்சினன் மேல தப்பில்லைன்னு ஆயிருச்சுல்ல?"

"எஸ்.ஐ. கேப்பாருங்க, காய் எங்கிருந்து வந்துச்சுன்னு. லாரி டயர்ல ஒட்டி எந்தக் கேட்லிருந்து வேணாலும் வந்திருக்கலாம். வாங்க, ஒவ்வொரு கேட்டாப் பாத்துருவோம்."

அப்படி, நான் செய்த காரியத்தைத் தேடி நானே டேப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் கேட், இரண்டாவது கேட். "என்னங்க சார், பூசணிக்காயையும் எக்ஸ்போர்ட் பண்றீங்களா?" என்று ஒரு ஓனர் கிண்டல் செய்தார். சாக்பீஸ் சிரிக்காமல் அளந்தார். ஒவ்வொரு கேட்டிலும் காய் உடைந்த இடத்திலேயே கிடந்தது. எங்கிருந்தும் முனை வரைக்கும் ஒரு விதை கூடப் போகவில்லை. "எல்லாரும் கேட்லயே ஒடச்சிருக்காங்க. முச்சந்திக்குக் கொண்டு போனது ஒருத்தருதானுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். சாமிக்குத்தானே செய்தேன்? வெளியே தெரிந்தால் இந்த வீதியில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? காய் யாருடையதாக இருந்தால் என்ன?

பத்து கேட் முடிந்தது. கடைசியாக எங்கள் கேட். கோலம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவர் டேப்பை நீட்டவே இல்லை. "நேரமாச்சுங்க. டேசனுக்குப் போலாம்" என்று சுருட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனில் தம்பிக்காரர் கண் வீங்கி உட்கார்ந்திருந்தார். அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லையாம். சாக்பீஸ், கட்டிங் மாஸ்டர்கள் வரைகிற பழுப்புத் தாளை மேசையில் விரித்தார். எஸ்.ஐ. முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்தார். இருபத்திரண்டு அடி, கீறல், விதை, தராசு எல்லாம் கேட்டு முடித்தார்.

"சரி. காய் யாருது?"

"பத்துக் கம்பெனிதும் இல்லீங்க."

"பதினொண்ணாவது?"

"டேப்புல புடிக்க முடியாதத நான் சொல்றதில்லீங்க" என்றார் சாக்பீஸ். என் பக்கம் திரும்பவில்லை.

எஸ்.ஐ. தாளைத் தள்ளினார். "அப்ப இத நான் எழுத முடியாது. வண்டிக்காரனக் காப்பாத்த நீங்களே காயக் கொண்டாந்து கொட்டுனீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. தம்பி, நீ கையெழுத்துப் போடுப்பா."

பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே நின்றிருந்த மச்சினன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. மாமா வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்கிற பார்வை அது.

"நாந்தானுங்க." மேசைக்குப் பக்கத்தில் போனேன். மறுபடி சொன்னேன். "அந்தக் காய நாந்தானுங்க ஒடச்சேன். ரோட்டு மேல. தனியாப் போயி."

தம்பிக்காரர் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "சாமிக்குன்னு ஒடச்சியளா, எங்க அண்ணனுக்குன்னு ஒடச்சியளா?" என்று கேட்டார். அடித்திருக்கலாம். கும்பிட்ட கையோடு நின்றேன்.

எஸ்.ஐ. என் பெயரை எழுதிக்கொண்டார். அந்தக் கேஸுக்கு நான் பிறகு பல தடவை கோர்ட் படி ஏறினேன். மச்சினனை அன்றைக்கே விட்டார்கள். அவன் என்னோடு பேசாமல் முன்னால் நடந்து போனான். வீட்டில் எனக்கு வழிவிட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. அடிபட்டவர் மூன்றாம் நாள் கண் திறந்தார். தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனேன். நாலு நாள் தம்பிக்காரர் அதை வராந்தாவிலேயே வைக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் தூக்குப்போசியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு டீ இறங்கியது. கடையில் சாக்பீஸும் பக்கத்தில் நின்றிருந்தார். "உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியுமுங்க சார்?" என்று கேட்டேன்.

"நாலாவது கேட்ல உங்க பக்கம் டேப்பு ஆடுச்சுங்க."

"அப்புறம் எதுக்குங்க, மழ வர்ற நேரத்துல, இன்னும் ஆறு கேட்டு அளந்தீங்க?"

அவர் டீயை ஊதினார். "உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வேணுமில்லீங்களா?"

சாக்பீஸ் இப்போது கணியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் போன் செய்வார். அந்தப் பக்கம் ரோடு எப்படி, யார் எங்கே விழுந்தார்கள் என்பதுதான் பேச்சு. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன். ஏன் என்று என் வீட்டுக்காரி இதுவரை கேட்டதில்லை.